'கிளட்ச்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள்? வண்டியில் இருக்கும் கிளட்சும் இதுவும் ஒன்றா?

ஒன்றுதான். விரல்களை மடக்கி, கொஞ்சம் பதற்றத்தோடு இறுகப் பற்றிக்கொள்வதுதான் கிளட்ச். பழைய ஆங்கிலத்தில் 'கிளிச்சன்' என்றிருந்த சொல். விரலை மடக்குதல், கையை இறுக மூடுதல் என்று பொருள். சும்மா பேனாவைப் பிடிப்பதற்கு 'ஹோல்டு' போதும். செங்கோட்டையிலிருந்து மலையேறி ஆரியங்காவு போகும் பஸ் புளியரை எஸ் வளைவில் திரும்பும்போது, நின்றுகொண்டு வருபவர் சட்டென்று மேல்கம்பியைப் பற்றுகிறாரே, அது கிளட்ச்.

சரி, மிதித்தால் பிடி விடத்தானே செய்கிறது, அப்புறம் ஏன் வண்டியில் அந்தப் பெயர்? பெயர் பெடலுக்கு வைத்தது அல்ல, உள்ளே நடக்கும் வேலைக்கு வைத்தது. ஸ்பிரிங் அழுத்தத்தால் கிளட்ச் பிளேட், இன்ஜினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலோடு இறுகிக் கிடக்கும். அந்தப் பிடி வழியாகத்தான் இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போகிறது. பெடலை மிதித்தால் பிடி விடுபடும். மலையேற்றத்தில் கிளட்சைப் பாதி மிதித்தபடியே லாரியை நகர்த்தினால், பிளேட் முழுசாகப் பிடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் உரசிக் கருகும். செங்கோட்டைக்காரர்களுக்கு அந்த வாடையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பன்மையில் 'கிளட்சஸ்' என்றால் பிடி, அதுவும் கெட்ட பிடி: கந்துவட்டிக்காரன் பிடியில் சிக்கினான் என்கிறோமே, அந்த மாதிரி. வார் இல்லாமல் கையில் பிடித்துப் போகும் சின்னப் பையும் கிளட்ச்தான்.

ஆனால் பறவை ஒரு தடவையில் இட்டு அடைகாக்கும் முட்டைகளையும் கிளட்ச் என்பார்கள். அது வேறு குடும்பம். குஞ்சு பொரிப்பதைக் குறிக்கும் ஸ்காண்டிநேவியச் சொல்லிலிருந்து வந்தது.