பெயர் பெரிது, ஒலி எப்படி? ஸ்பீக்கர் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் வீட்டில் இருப்பது போஸ் ஸ்பீக்கர். விளம்பரத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். இன்றுவரை மகிழ்ச்சியாகவே கேட்கிறேன். ஆனால் ஆடியோ ஆர்வலர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறதா?

பதில்: பாதி இருக்கிறது. மீதி பழைய கோபம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்விக்கூடத்தின் பேராசிரியர் அமர் போஸ் 1964இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1968இல் வந்த 901 மாடலில் ஒரு பெட்டிக்கு ஒன்பது சிறு ஸ்பீக்கர்கள். ஒன்று மட்டும் நம்மைப் பார்க்கும். மற்ற எட்டும் பின்சுவரைப் பார்க்கும். கச்சேரி அரங்கில் நம் காதுக்கு வரும் ஒலியில் பெரும்பங்கு சுவர்களில் பட்டுத் திரும்புவதுதான், வீட்டிலும் அப்படியே இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். விளம்பரத்துக்காக ஜோடித்த கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. உண்மையான ஆராய்ச்சியிலிருந்து பிறந்த யோசனை. ஆனால் அரங்கின் எதிரொலி ஒலிப்பதிவுக்குள்ளேயே இருக்கிறது. அதன்மேல் உங்கள் அறையின் எதிரொலியையும் தாராளமாகச் சேர்த்தால் வாத்தியங்களின் உருவம் பெரிதாகத் தோன்றும், அவை இருக்கும் இடம் கலங்கும். அந்த விரிவு சிலருக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது.

1970இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ், தனித்தனி வாத்தியங்களின் ஒலி அறைக்குள் அலைவதுபோல் இருந்தது என்று எழுதியது. நிறுவனம் வழக்குப் போட்டது. அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1984இல் இதழுக்குச் சாதகமாக முடிந்தது. விமர்சித்தவர்மேல் வழக்குப் போட்டதை ஆர்வலர்கள் மறக்கவில்லை. ஆனால் நீதிமன்றம் பார்த்தது, பொய் என்று தெரிந்தோ உண்மையைப் பற்றிக் கவலைப்படாமலோ இதழ் எழுதியதா என்பதைத்தான். ஸ்பீக்கர் நல்லதா கெட்டதா என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பைத் தரச்சான்று போலக் காட்டி வாதம் செய்பவர்களை நம்பாதீர்கள்.

கேள்வி: உள்ளங்கை அளவு ஸ்பீக்கர்கள், மூலையில் ஒளித்து வைக்க ஒரு பாஸ் (தாழ்சுர ஒலி) பெட்டி. பெரிய ஸ்பீக்கருக்கு இது இணை என்று விளம்பரம் சொல்கிறது. முடியுமா, அண்ணா?

பதில்: முடியாது, தம்பி. இங்கே நான் விளம்பரத்தின் பக்கம் கொஞ்சமும் சாய மாட்டேன்.

ஹாஃப்மனின் இரும்பு விதி என்று ஒன்று உண்டு. சிறிய பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த மின்சக்தியில் அதிக ஒலி: இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டே ஆக வேண்டும். எந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் இதைத் தாண்டியதில்லை. ஸ்பீக்கருக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு இரண்டரை அங்குலம்தான் என்றால், அதனால் போதிய காற்றை அசைக்க முடியாது. அதனால் சுமார் 200 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு, எண் குறையக் குறையச் சுரம் தாழும்) கீழே உள்ள வேலை முழுவதையும் பாஸ் பெட்டியின் தலையில் கட்டுவார்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வேலை செய்யும் சப்வூஃபர் (தனி பாஸ் பெட்டி) எங்கே இருக்கிறது என்று காதால் கண்டுபிடிப்பது கடினம். 200 என்றால் எளிதாகத் தெரிந்துவிடும். ஆண் குரலின் அடிப்பகுதி அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. பாடகரின் நெஞ்சு ஒரு மூலையிலும் வாய் இன்னொரு மூலையிலும் இருப்பதுபோல் கேட்கும்.

மேல் பக்கமும் சிக்கல்தான். மேல்சுரங்களுக்கென்றே உள்ள ட்வீட்டர் இல்லாமல் அந்தச் சிறு கூம்பே எல்லாவற்றையும் ஒலித்தால், ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி டார்ச் வெளிச்சம்போல் நேராகக் குவியத் தொடங்கும். நேர் எதிரே உட்காராதவருக்குச் சுருதிப்பெட்டியின் மினுமினுப்பு மங்கலாகவே வரும்.

இடமில்லாத வீட்டில், கண்ணை உறுத்தாமல் பாட்டுக் கேட்க வேண்டும் என்பவருக்கு இது உதவும். அந்தத் தேவை மதிக்கத்தக்கது. அதைச் சொல்லி விற்றால் நான் ஏன் குறை சொல்லப் போகிறேன்?

கேள்வி: சில நிறுவனங்கள் அளவீடுகளை வெளியிடுவதே இல்லை. சிலர் அட்டைப்பெட்டி முழுக்க எண்களை அச்சிடுகிறார்கள். யாரை நம்புவது?

பதில்: அச்சிட்ட எண்ணில் எது முழுமையாக இருக்கிறது என்று பாருங்கள். "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்பதற்குப் பக்கத்தில் எத்தனை டெசிபல் (சத்தத்தின் அளவு) ஏற்ற இறக்கத்துக்குள் என்று இல்லாவிட்டால் அதற்குப் பொருளே இல்லை. பி.எம்.பி.ஓ. வாட்ஸ் (கண நேர உச்சத்தைக் காட்டி ஊதிப் பெருக்கிய எண்) என்று கண்டால் பெட்டியைத் திருப்பி வைத்துவிடுங்கள். நேர்மையாக அளந்த வாட்ஸ்கூட நாம் நினைக்கும் அளவுக்கு உதவாது: சக்தி இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல், காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். 90 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர் ஒரு வாட்டில் கொடுப்பதை 84 உள்ளது கொடுக்க நான்கு வாட்ஸ் கேட்கும்.

உண்மையில் உதவுவது சிடிஏ-2034 என்ற அளவீட்டுத் தரமுறைப்படி எடுத்த வரைபடம். ஸ்பீக்கரைப் பத்துப் பத்துப் பாகையாகக் கிடையாகவும் நெடுக்காகவும் சுற்றி எழுபது கோணங்களில் அளப்பார்கள். நேர் எதிரே அளந்த கோடு சமமாக இருக்கிறதா, பக்கவாட்டில் ஒலி சீராகக் குறைகிறதா என்று அதில் தெரியும். ஒலி ஆய்வாளர் ஷான் ஆலிவ் 2004இல் இத்தகைய அளவீடுகளைக் கொண்டே, 70 ஸ்பீக்கர்களுக்குக் கேட்பவர்கள் எந்த ஸ்பீக்கர் என்று பார்க்காமல் கொடுத்த மதிப்பெண்களைக் கணித்துக் காட்டினார், ஒட்டுறவு 0.86 (1 என்றால் முழுப் பொருத்தம்). ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று கைவிரிப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வரைபடம் தேவையில்லை. என் காது போதும்.

பதில்: காது போதும்தான். கண்ணை மூடிவிட்டால்.

1994இல் ஃப்ளாய்ட் டூல் என்ற ஒலி ஆய்வாளரும் ஆலிவும் ஹார்மன் நிறுவன ஊழியர்கள் நாற்பது பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அதே ஸ்பீக்கர்களை முதலில் திரை மறைவில், பிறகு கண்ணுக்குத் தெரியும்படி. பார்த்தபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. சிறிய, மலிவான செட்டுக்கு இறங்கியது. திரை போட்டதும் அந்த இடைவெளி குறுகியது. அவர்கள் ஸ்பீக்கர் விற்கும் நிறுவனத்தின் ஆட்கள். அப்படியிருந்தும் கண் அவர்களை ஏமாற்றியது. விளம்பரத்தால் மயங்குபவருக்கும் "அந்த பிராண்டா, சீ" என்பவருக்கும் நடப்பது ஒன்றுதான்.

கேள்வி: கடையில் மெய்சிலிர்த்தது. வீட்டுக்கு வந்ததும் பாஸ் காணாமல் போய்விட்டது. ஸ்பீக்கரை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?

பதில்: இல்லை அம்மா, அறை மாறிவிட்டது. சுமார் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீங்கள் கேட்பதில் பெரும்பங்கு அறைதான். ஐந்து மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸில் நிலையலை (சுவர்களுக்கிடையே நின்று அதிரும் ஒலியலை) எழும். சரியாக நடுவில் நாற்காலி போட்டால் அந்தச் சுரம் வற்றிவிடும். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பொங்கும். ஒரு பைசா செலவழிப்பதற்கு முன் நாற்காலியை அரை மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்திக் கேளுங்கள்.

கடையில் நடப்பதையும் சொல்கிறேன். விற்க விரும்பும் ஸ்பீக்கரை ஒரு டெசிபல் கூட்டி வைத்தாலே போதும். அது சத்தமாக இருப்பதாக நமக்குத் தோன்றாது, தெளிவாக இருப்பதாகத் தோன்றும். ஆகவே பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஒலிக்கவிட்டு, கைபேசியின் ஒலியளவுச் செயலியை உங்கள் காது இருக்கும் இடத்தில் பிடித்து, இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒப்பிட மட்டும் என்பதால் செயலியே போதும். முன்னால் மெல்லிய துணி தொங்கட்டும், இன்னொருவர் மாற்றிக் கொடுக்கட்டும், எது பிடித்தது என்று எழுதி வைத்த பிறகே எது எந்த ஸ்பீக்கர் என்று விசாரியுங்கள். கடைக்காரர் தரும் பாட்டு வேண்டாம். நன்றாகப் பழகிய மிருதங்கப் பதிவு ஒன்றைக் கொண்டுபோங்கள்: வலந்தலை (வலப்பக்கம்) நாதம் கணீரென்று வந்து, தொப்பியின் (இடப்பக்கம்) கும்கி நாதம் வழுக்கி ஏறுவது ஒவ்வொரு படியும் தெரிந்தால் நல்ல ஸ்பீக்கர். எல்லாம் ஒரே "தும்"மாகக் கேட்டால், வேறு பாருங்கள்.

கேள்வி: தடித்த கேபிள் வாங்கினால் தேறுமா?

பதில்: தேறாது. தூரத்துக்கு ஏற்ற தடிமனில் சாதாரணச் செம்புக் கம்பி போதும்.

கேள்வி: அப்படியானால் ஆர்வலர்கள் கொண்டாடும் சிறு நிறுவனங்கள் மட்டும் யோக்கியமா?

பதில்: அவர்களையும் அதே துணிக்குப் பின்னால் வையுங்கள். புகழ் எப்படி வேண்டுமானாலும் உருவாகும். யமஹா என்எஸ்-10, 1978இல் வீட்டு ஸ்பீக்கராக வந்தது. வீட்டில் யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. ஸ்டுடியோக்களோ அதை வாரி எடுத்துக்கொண்டன. குறையை மறைக்காமல் முகத்தில் அடிப்பதுபோல் காட்டும், இதில் நன்றாக ஒலித்தால் எங்கும் ஒலிக்கும் என்று ஒலிப்பதிவாளர்கள் நம்பினார்கள். அந்தப் புகழைக் கேட்டு வரவேற்பறையில் வைப்பவர் காது வலித்து எழுந்து போவார்.

கேள்வி: அப்பா விட்டுச் சென்ற பழைய 901 ஜோடி இருக்கிறது. விற்றுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அதனுடன் வந்த ஈக்வலைசர் (பாஸையும் மேல்சுரத்தையும் ஏற்றித் தரும் தனிப் பெட்டி) இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அது இல்லாமல் கேட்டால் பாஸும் இருக்காது, மேல்சுரமும் இருக்காது, அப்பாவின் ரசனையையே சந்தேகிப்பீர்கள். பிறகு கூம்புகளின் விளிம்பைப் பாருங்கள். நுரை விளிம்பாக இருந்து, தொட்டால் உதிர்ந்தால், புது விளிம்பு ஒட்ட வேண்டும். பழுது பார்ப்பவர்கள் செய்துதருவார்கள். பின்சுவரிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி தள்ளி, திரைச்சீலை இல்லாத வெறும் சுவருக்கு முன்னால், இரு பக்கமும் ஒரே தூரத்தில் வையுங்கள். அப்பா கேட்ட பாட்டையே போட்டு ஒரு வாரம் கேளுங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் விற்றுவிடுங்கள், ஈக்வலைசரோடு சேர்த்து.