குதிகாலுக்கு அடியில் ஒரு கை

ஐயா,
என் தங்கைக்கு வயது 24. இரண்டு மாதமாக இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். எம்.ஆர்.ஐ. நார்மல். ஆஸ்பத்திரியில் 'ஒன்றுமில்லை, மனசுதான். கல்யாணம் செய்து வையுங்கள்' என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் நடிக்கிறாள் என்கிறார்கள். எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள வாசகிக்கு,

நான் டாக்டர் இல்லை. என் அக்கா மகனுக்கு இப்படி வந்தபோது ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தவன், அவ்வளவுதான்.

'ஒன்றுமில்லை' என்று ஒரு நோய் கிடையாது. அவனுக்கு வந்ததற்குப் பெயர் செயல்பாட்டு நரம்பியல் கோளாறு, டாக்டர்கள் எஃப்.என்.டி. என்பார்கள். மூளை உடம்பை இயக்குகிற விதத்தில் வருகிற கோளாறு. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை என்பதற்காக ஒட்டுகிற பெயரும் அல்ல. காலைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பையனைப் படுக்கவைத்து, தளர்ந்த காலின் குதிகாலுக்கு அடியில் கையை வைத்து 'அழுத்து' என்றார் ஒரு நரம்பியல் டாக்டர். அவனுக்கு வியர்த்ததே தவிர கால் அழுந்தவில்லை. அப்புறம் நல்ல காலைத் தூக்கச் சொல்லி, அதை மேலிருந்து அமுக்கிப் பிடித்தார். அவன் முக்கித் தூக்கியபோது தளர்ந்த கால் தானாகவே அவர் கையை அழுத்தியது. ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் 1908இல் எழுதிவைத்த சோதனை. பைசா செலவில்லை. (ஸ்கேனுக்குக் கட்டியதைப் பற்றிப் பேச வேண்டாம்.) 'மாட்டிக்கொண்டாயா' என்கிற பார்வை அவரிடம் இல்லை. அவன் கையையே பின்தொடையில் வைத்து மறுபடி செய்துகாட்டினார். 'பார், பலம் இருக்கிறது. நீ நினைத்துச் செய்யும்போதுதான் வரமாட்டேன் என்கிறது. இது நடிப்பில்லை.'

19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்ற நரம்பியல் டாக்டர் இப்படிப்பட்ட பெண்களை நிறுத்திவைத்துக் கூட்டத்துக்குக் காட்டினார். பெரிய மேதைதான், ஆனால் காட்ட வேண்டியது நோயாளிக்கல்லவா?

மனசு விஷயம்: சிலருக்கு அதிர்ச்சியோ கவலையோ பின்னால் இருக்கும், சிலருக்கு இருக்காது. மன உளைச்சலைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடே 2013இல் எடுத்துவிட்டது. கல்யாணம் எந்தக் கையேட்டிலும் இல்லை.

எங்கள் பையன் பின்னோக்கி நடந்தால் கால் இழுக்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் அங்கேயிருந்துதான் தொடங்கினார். எட்டு மாதமானது, நடுவில் ஒருமுறை திரும்பவும் வந்தது. உங்கள் தங்கைக்கு இதுதானா என்பதை ஒரு நரம்பியல் டாக்டர் சொல்லட்டும். இதோடு வேறு நரம்பு நோயும் சேர்ந்திருக்கலாம், அதையும் கேளுங்கள். ஸ்கேன் கவரோடு, அவள் நடப்பதை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். எடுக்கும் முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.