வாசகர் கேள்வி – பதில்: மழலையரைக் கற்பிக்கவும் காக்கவும் என்ன பயிற்சி வேண்டும்?

பிளஸ் டூ முடித்த என் மகள் மழலையர் பள்ளி ஆசிரியை ஆக விரும்புகிறாள். எங்கள் ஊரில் ஒரு நிறுவனம் ஓராண்டு மாண்டிசோரி பயிற்சி தருகிறது. அரசுப் பணிக்கும் அந்தச் சான்றிதழ் செல்லும் என்கிறார்கள். சேர்க்கலாமா?
– வாசகி, நாமக்கல்

அரசுப் பணிக்குச் செல்லும் என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அதையே பதிலாகக் கொள்ளலாம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட விதிமுறைகளில் இப்பருவத்துக்கென வகுக்கப்பட்டிருப்பது ஈராண்டு முன்பருவக் கல்விப் பட்டயப் படிப்பு. அதில் சேரப் பிளஸ் டூவில் குறைந்தது 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. நர்சரி பயிற்சி, மாண்டிசோரி பயிற்சி என்ற பெயர்களில் தனியார் நடத்தும் ஓராண்டு, ஆறு மாதச் சான்றிதழ்கள் இதற்கு ஈடாக மாட்டா. தனியார் மழலையர் பள்ளிகள் அவற்றை ஏற்று வேலை தருகின்றன என்பதும் உண்மைதான்.

மாண்டிசோரி முறையைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். அவர் நிறுவிய பன்னாட்டுச் சங்கத்தின் பட்டயத்துக்கு இன்றும் நல்ல மதிப்பு உண்டு. ஆனால் அவருடைய பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம் என்ற நிலையில், சான்றிதழை வழங்குவது யார் என்பதையும், பயிற்சிக் காலத்தில் எத்தனை நாள் உண்மையான குழந்தைகளோடு வகுப்பில் இருக்க வேண்டும் என்பதையும் கேட்டறிந்த பிறகே பணம் கட்டுங்கள்.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்குத் தகுதித் தேர்வு கட்டாயம், எல்.கே.ஜி. ஆசிரியருக்கு ஏன் இல்லை?
– வாசகர், விருதுநகர்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில்தான் தொடங்குகிறது. மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்று அதன் 11ஆம் பிரிவு கூறுகிறதே தவிர, செய்தாக வேண்டும் என்று கூறவில்லை. தகுதித் தேர்வும் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களுக்கே உரியது. இதனால் நேர்ந்த குழப்பத்தைத் தமிழகம் 2019இல் கண்டது: 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டபோது, தொடக்கப்பள்ளி வகுப்புகளுக்கெனப் பயிற்சி பெற்ற இடைநிலை ஆசிரியர்கள் அங்கே அனுப்பப்பட்டனர். அவர்களில் பலர் அதை எதிர்த்தனர். மூன்று வயதுக் குழந்தைக்குக் கற்பிப்பது தனியான பயிற்சியைக் கோரும் வேலை என்பதால், அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றே கருதுகிறேன்.

பத்தாம் வகுப்பு படித்து, நெடுங்காலமாக அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். இனிப் பட்டயம் படித்தால்தான் வேலையில் நீடிக்க முடியும் என்கிறார்களே?
– வாசகி, சிவகங்கை

அஞ்ச வேண்டாம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பிளஸ் டூவும் அதற்கு மேலும் படித்த பணியாளர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும், அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஓராண்டுப் பட்டயமும் அளிக்கப்படும் என்கிறது. பணியில் இருந்துகொண்டே, பெரும்பாலும் தொலைநிலையில் பயில்வதற்கான ஏற்பாடு அது. படிக்காதவரை நீக்குவது பற்றி அதில் பேச்சே இல்லை. அந்தக் கொள்கையைத் தமிழக அரசு ஏற்காமல் 2025 ஆகஸ்டில் தனக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டிருப்பதால், தங்கள் துறையிலிருந்து எழுத்து வடிவில் ஆணை வரும்வரை யார் பேச்சையும் பொருட்படுத்தத் தேவையில்லை.

மத்திய அரசு 2023 மே மாதம் தொடங்கிய ‘போஷன் பி, படாய் பி’ (ஊட்டமும் வேண்டும், படிப்பும் வேண்டும்) என்ற அங்கன்வாடித் திட்டத்தில் பணியாளர்களுக்குத் தரப்பட்டது மூன்று நாள் பயிற்சி. சத்துணவு, தடுப்பூசி, எடை பார்த்தல், கைப்பேசிச் செயலியில் பதிவு என்று நாள் முழுதும் ஓடுகிறவரிடம் மூன்று நாளில் ஆசிரியப் பணியையும் ஒப்படைத்துவிட முடியுமா? பயிற்சி நாள்களைக் கூட்டுவதோடு, பிற வேலைகளைக் குறைப்பதும் அரசின் பொறுப்பு.

பதினான்கு மாதக் குழந்தையைக் காப்பகத்தில் விட்டு வேலைக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள ஆயாக்களுக்கு என்ன பயிற்சி இருக்க வேண்டும்?
– வாசகி, திருப்பூர்

குழந்தைப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில்தான் தொழிற்சாலைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 48ஆம் பிரிவில் விதித்தது. அந்தப் பயிற்சி எத்தனை நாள், எதைப் பற்றி என்பதை அப்பிரிவு விளக்கவில்லை. நடைமுறையில் பிள்ளை பெற்று வளர்த்தவர் என்பதே பல இடங்களில் தகுதியாகிவிட்டது. ஆகவே தாங்களே கேட்டுப் பார்க்க வேண்டும். நிலக்கடலையோ திராட்சையோ குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவேன் என்றால் முதலுதவிப் பயிற்சி இல்லை என்று பொருள், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத பொருளை அப்படித் தேடுவது அதை இன்னும் உள்ளே தள்ளிவிடும். குழந்தையைக் குப்புறப் பிடித்து, தலையைத் தாழ்த்தி, முதுகில் தட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஓராண்டு நிறையாத குழந்தைகளும் அங்கு இருந்தால், அவர்களை மல்லாக்கப் படுக்க வைத்து உறங்கச் செய்கிறார்களா என்று பாருங்கள். ஒருவர் எத்தனை குழந்தைகளைக் கவனிக்கிறார், ஆயாக்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்பவற்றை நிர்வாகியிடம் கேட்பதைவிட, அங்கே ஏற்கெனவே பிள்ளையை விட்டிருக்கும் தாய்மாரிடம் கேட்பது நல்லது.