நான் ஒருத்தன் கேஸை பிடிச்சு வெச்சா என்ன ஆகும்? – வாசகர் கடிதம்

வணக்கம் அக்கா,

நான் ஈரோட்ல ஏசி சர்வீஸ் பண்றேன். பருவநிலை பத்தி எழுதறப்பல்லாம் எல்லாரும் சேர்ந்து செய்யணும்னு சொல்றீங்க. பழைய ஏசியை கழட்டுறப்ப உள்ள இருக்குற கேஸை நான் மெனக்கெட்டு சிலிண்டர்ல பிடிச்சா, பக்கத்து கடைக்காரர் அதை காத்துல விட்டுட்டு அடுத்த வேலைக்கு போயிடறார். அமெரிக்கா, சீனாவே கண்டுக்காதப்ப நான் ஒருத்தன் பண்ணி என்ன ஆகப்போகுது?

அன்புள்ள தம்பி,

நீங்க ஒருத்தர் மட்டும் பண்ணா பெருசா ஒண்ணும் ஆகாது, அது உண்மைதான், அதனாலதான் சேர்ந்து செய்யணும்னு திரும்பத் திரும்ப சொல்றேன். உலகம் அப்படி சேர்ந்ததுண்டான்னு கேட்டா, உண்டு, அதுவும் உங்க தொழில்லயே.

பழைய ஃப்ரிட்ஜுக்கு ஆர்-12ங்கற கேஸை ஏத்தினது உங்களுக்கு தொழில் கத்துக்கொடுத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி கேஸ் மேல போய், சூரியனோட கெட்ட கதிரைத் தடுக்குற ஓசோனை அழிக்கும்னு மோலினா, ரோலண்ட்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1974லயே சொன்னாங்க, தயாரிச்ச கம்பெனிங்க ஒத்துக்கல. 1985ல அண்டார்டிகா மேல ஓசோன் எவ்வளவு கொறைஞ்சிருக்குன்னு பிரிட்டிஷ் விஞ்ஞானிங்க அளந்து காட்டினாங்க, ரெண்டே வருஷத்துல, 1987 செப்டம்பர்ல, அந்த கேஸையெல்லாம் குறைக்கற மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்துடுச்சு. இந்தியாவும் சீனாவும் அப்ப சேரல. கெடுத்தது நீங்க, செலவு மட்டும் எங்களுக்கான்னு கேட்டாங்க, நியாயமான கேள்வி, நீங்க கேக்கறதும் கிட்டத்தட்ட அதேதான். 1990ல லண்டன்ல பணக்கார நாடுங்க காசு போட்டு ஒரு நிதி வைக்க ஒத்துக்கிட்டதும்தான் விஷயம் நகர்ந்துச்சு, 1992ல இந்தியா உள்ள வந்துச்சு. சட்டம், கெடு, மாறுறதுக்கு காசு, இந்த மூணும் சேர்ந்துதான் ஆர்-12ஐ ஒழிச்சுது. அண்டார்டிகா மேல இருக்குற ஓசோன் ஓட்டை 2066 வாக்குல 1980 நிலைமைக்கு திரும்பும்ங்கறாங்க.

கார்பன் இதைவிட ரொம்ப கஷ்டம், ஒத்துக்கறேன். அது கரண்ட், சிமெண்ட், வண்டின்னு எல்லாத்துலயும் இருக்கு, மேல போனா அதுல ஒரு பங்கு நூத்துக்கணக்கான வருஷம் அங்கயே நிக்கும், அதனால தள்ளிப்போடற ஒவ்வொரு வருஷமும் பழைய பாக்கியோட சேர்ந்துக்கிட்டே போகுது. தொழிற்புரட்சிக்கு முந்தின சராசரியைவிட 1.5 டிகிரிக்கு மேல போன முதல் வருஷம் 2024. இதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறல.

உங்க வேலைக்கு வர்றேன். ஏசில இருக்குற ஆர்-22 கேஸ் ஒரு கிலோ வெளிய போனா சுமார் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்ட சூடு, ஆர்-410ஏன்னா 2,000 கிலோவுக்கும் மேல. ஒன்றரை டன் ஏசில ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும்னு எனக்கு நீங்க சொல்லணும்னு இல்ல. ஆர்-410ஏ மாதிரி கேஸை குறைக்க 2016ல ருவாண்டா நாட்டு கிகாலில உலக நாடுங்க ஒப்புக்கிட்டாங்க, 2021ல இந்தியா அதை ஏத்துக்கிச்சு, ஆனா நமக்கு குறைப்பு 2032லதான் ஆரம்பிக்குது. அதுக்குள்ள எத்தனை ஏசியை கழட்டுவீங்க!

கேஸை உறிஞ்சி சிலிண்டர்ல பிடிக்கிற ரெகவரி மெஷின் ஒரு கடைக்கு கட்டாது, பத்து கடை சேர்ந்தா வாங்கலாம். கேஸ் பிடிக்க பில்லுல எல்லாரும் ஒரே சார்ஜ் போட்டா பக்கத்து கடைக்காரர் ரேட்டை குறைச்சு உங்க வேலையை தூக்க முடியாது. பிடிச்ச கேஸை வாங்கி சுத்தம் பண்ற இடம் நம்ம மாவட்டத்துல வேணும்னு கலெக்டருக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் சங்கத்து பேர்ல மனு கொடுங்க, தனி ஆளா போனா வாங்கி வெச்சுட்டு அனுப்பிடுவாங்க. சங்கம் இல்லன்னா அந்த பக்கத்து கடைக்காரர்கிட்டயே முதல்ல பேசுங்க, அவர் காத்துல விடறதும் காசுதானே. மனுவை எழுதி எனக்கு அனுப்புங்க, திருத்தித் தர்றேன்.