இசைபட வாழ்தல்

அன்புள்ள அக்கா,

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கிறேன். வயது 23. சின்ன வயதிலிருந்தே கோயிலில் தேவாரம் பாடுகிறேன். போன வருடம் தமிழ் ஐஸ்டெட்ஃபாட் என்கிற கலைப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. அப்புறம் காவடித் திருவிழாவில் நான் பாடியதை யாரோ வீடியோ எடுத்துப் போட, அது எல்லோருடைய போனிலும் சுற்றியது. கடைக்குப் போனால்கூடப் பக்கத்தில் வந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இப்போது வேறொரு பெண்ணின் வீடியோ ஓடுகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வீட்டில் தனியாகப் பாட உட்கார்ந்தால் குரல் எழவில்லை. போனை எதிரில் வைத்து ரெக்கார்ட் பண்ணினால்தான் வருகிறது. ‘தோன்றின் புகழொடு தோன்றுக’ என்று வள்ளுவரே சொல்கிறாரே, புகழ் வந்தும் எனக்கு ஏன் நிறைவு வரவில்லை?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாளாக எடுத்து எடுத்துப் படித்தேன். போனை வைத்தால்தான் குரல் வருகிறது என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது.

கைதட்டலில் கிடைக்கும் சந்தோஷத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் ஒருமுறை அது வாய்த்தது. பல வருடங்களுக்கு முன்னால் டர்பனில் ஒரு விழாவில் கவிதை வாசித்தேன். அரங்கமே எழுந்து நின்று தட்டியது. அன்றிரவு சாட்ஸ்வர்த்தில் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கழுவாத பாத்திரம் கிடந்தது, பிள்ளைகளின் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட வேண்டியிருந்தது. அதுவரை நான் அலுப்பில்லாமல் செய்துவந்த வேலைகள் அன்றைக்கு அற்பமாகத் தெரிந்தன. அடுத்த ஒரு வருடம் எழுதியதெல்லாம் அந்த அரங்கத்தை மறுபடி எழுப்பிவிட வேண்டும் என்று எழுதியவைதான். ஒன்றும் உருப்படியாக வரவில்லை. தட்டியவர்கள் மேல் குறையில்லை, அவர்கள் மனதாரத்தான் தட்டினார்கள். என்னை யாராவது அறிந்துகொள்ள மாட்டார்களா என்ற தவிப்புதான் என்னிடம் இருந்தது. எண்ணூறு பேர் சேர்ந்து தட்டினாலும் அது தீராது என்பது அப்போது தெரியவில்லை.

வள்ளுவரைக் கேட்டிருக்கிறீர்கள். அவர் எங்கே அதைச் சொல்கிறார் என்று பாருங்கள். 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல், 23 ஈகை, அதற்கு அடுத்ததுதான் புகழ். அந்த அதிகாரத்தின் முதல் குறளே ‘ஈதல் இசைபட வாழ்தல்’ என்று கொடுப்பதில்தான் தொடங்குகிறது. இசை என்றால் பழந்தமிழில் புகழ். பாட்டுக்கும் அதே சொல்தான். பாடுகிற பெண்ணாகிய உங்களுக்கு இதைச் சொல்லும்போது எனக்கே சிலிர்க்கிறது.

நம் நாட்டில் புகழ் என்றால் எனக்குத் தில்லையாடி வள்ளியம்மைதான் நினைவுக்கு வருவார். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். 1913இல் கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று கேப் மாகாண நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பாட்டிமார்கள் சட்டத்தின் கண்ணில் மனைவிகளே இல்லை என்று ஆகிவிட்டது. பெண்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அம்மாவோடு இவரும் போனார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் பிடித்த காய்ச்சல் வெளியே வந்த பிறகும் விடவில்லை. எலும்பும் தோலுமாகப் படுக்கையில் கிடந்தவரிடம், ஜெயிலுக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டார். வருத்தமா, இப்போது கைது செய்தாலும் மறுபடி போகத் தயார் என்றார் அந்தப் பெண். 1914 பிப்ரவரி 22இல் இறந்தபோது வயது 16. இன்று சென்னை எழும்பூரில் அவர் பெயரில் மாளிகை இருக்கிறது, அஞ்சல் தலை வந்திருக்கிறது. அவர் எதையும் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பதிலைப் படிக்கும்போது, எதற்காகவோ ஏங்கிய குரலாக எனக்கு அது கேட்கவே இல்லை.

அவ்வளவு பெரிய தியாகத்தை உங்களிடம் யாரும் கேட்கவில்லை, சரி. பக்கத்திலேயே இருக்கும் ஒருவரைச் சொல்கிறேன். எங்கள் கோயிலில் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். ஆடி இங்கே குளிர்காலம். விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு பெரியம்மா அண்டாவின் முன்னால் நிற்பார். புளித்த சோளமாவு கொதித்து மேலே தெறிக்கும். அவர் புறங்கையில் அந்தச் சூட்டுத் தழும்புகள் நிறைய. துடுப்பைச் சுற்றிக்கொண்டே மாரியம்மன் தாலாட்டை வாய்க்குள் பாடுவார். துடுப்பு சுற்றும் வேகம்தான் தாளம். அப்படி ஒரு சுருதி சுத்தத்தை நான் மேடையில் கேட்டதில்லை. ஒரு வருடம் அவரை மேடையில் பாடச் சொல்லிக் கெஞ்சினேன். “நான் அங்க வந்து நின்னா கூழு அடிபிடிச்சிடுமேம்மா” என்றார். மறுக்கிறோம் என்ற நினைப்பே அவர் முகத்தில் இல்லை. கவலையெல்லாம் கூழைப் பற்றித்தான்.

பெரியம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி. நடுவில் மூச்சு வாங்குவதால் சில அடிகள் விட்டுப்போகின்றன. கூட இருக்கிற எங்களுக்குப் பாட்டு முழுசாகத் தெரியாது. இந்த ஆடிக்கு நீங்கள் வாருங்கள். அவர் துடுப்பைப் பிடிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று அவர் விடுகிற அடியை எடுத்துப் பாடுங்கள். போனை என் பையில் போட்டு வைக்கிறேன். கம்பளி எடுத்து வாருங்கள், அண்டா பக்கத்தில்தான் சூடு, முதுகுப் பக்கம் நல்ல குளிர் அடிக்கும்.

அன்புடன்,
அக்கா