தேனீக்கு எதற்கு நிவாரணம்?

கேள்வி: ஃபெஞ்சல் வெள்ளத்தில் தேனீப் பெட்டிகளைப் பறிகொடுத்தவர்களுக்கும் நிவாரணம் கொடுக்க வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். மாடு செத்தால் கொடுப்பது நியாயம். பூச்சிக்கெல்லாம் கொடுக்க ஆரம்பித்தால் கஜானா தாங்குமா? அமெரிக்காவில் கொடுக்கிறார்கள் என்பதற்காக நாமும் கொடுக்க வேண்டுமா?
- பண்ருட்டி வாசகர்

பதில்: பூச்சி வளர்ப்பவருக்கு ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம் ஐயா. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்காக மத்திய அரசு 2022-ல் திருத்திய பட்டியலில் பட்டு விவசாயிக்கு இடம் உண்டு. மல்பெரிக்கு ஹெக்டேருக்கு 6,000 ரூபாய். பட்டுப்புழுவுக்கு இருக்கிற இடம் தேனீக்கு ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே புயல் கரை கடந்தது. அடுத்த இரண்டாம் நாள் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீர் தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் புகுந்தது. பசுவுக்கும் எருமைக்கும் 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ள தொகைதான். அதே தண்ணீரில் பெட்டி மிதந்து போனவர் எந்தப் படிவத்தில் எழுதுவார்? அவருக்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

(மாட்டுக்கும் முழுதாகக் கிடைக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கறவை மாடு என்றால் குடும்பத்துக்கு மூன்றுக்கு மேல் கணக்கில் வராது. எட்டு மாட்டைக் கட்டி வைத்திருந்தவருக்கு ஐந்து மாடு போனது போனதுதான்.)

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே கால்நடை, தேனீ, வளர்ப்பு மீன் மூன்றுக்கும் சேர்த்தே ஒரு அவசர உதவித் திட்டம் இருக்கிறது. தேனீ என்றால், வழக்கமாகச் சாகும் தேனீக்கூட்டங்களைக் கழித்துவிட்டு, அதற்கு மேல் போனவற்றுக்குச் சந்தை மதிப்பில் 75 சதவீதம் என்று கணக்குப் போடுகிறார்கள். நான் கேட்பது அந்தத் தொகையை அல்ல. அந்தக் கணக்குப் போடும் முறையை. கஜானாவைக் காப்பாற்றுவதும் அதுதான். எத்தனை பெட்டி, வழக்கமான இழப்பு எவ்வளவு, வெள்ளத்தில் போனது எவ்வளவு என்று பார்த்துக் கொடுத்தால் யாரும் அள்ளிக்கொண்டு போக முடியாது.

நீங்கள் பண்ருட்டிக்காரர். முந்திரிப் பூவின் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் சரியாகப் பறக்காது, பூச்சி உட்கார்ந்தால்தான் காய் பிடிக்கும். தையிலும் மாசியிலும் தோப்பு பூக்கிறது. கார்த்திகையில் பெட்டியை வெள்ளம் கொண்டுபோனால் பூ வரும் நேரத்தில் தேனீ இருக்காது. மாடு போனால் சந்தையில் இன்னொன்று பிடித்து வரலாம். தேனீக்கூட்டம் அப்படி நினைத்த நாளில் கிடைக்காது. இருக்கிற கூட்டத்தைப் பிரித்து, ராணி உருவாகி, அடை கட்டி நிறைய வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் மரங்களைச் சாய்த்தபோது தோப்புக்காரர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததா? அந்தத் தோப்பில் பெட்டி வைத்துப் பிழைப்பவரும் அதே ஊர்க்காரர்தானே?

மத்தியப் பட்டியல் திருந்தும்வரை மாநில அரசு தன் சொந்த நிதியிலிருந்து கொடுக்கத் தடையில்லை. பெட்டி வைத்திருப்பவர்களும் தேசியத் தேனீ வாரியத்தின் மதுகிராந்தி தளத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். பெட்டிக்கு எண் எழுதி, மழைக்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். அடுத்த ஐப்பசிக்குள் இதைச் செய்துவிட்டால், கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டக் கையில் ஏதாவது இருக்கும்.