நுவரெலியாவில் ஆறுமணிக்குருவியைப் படம் எடுப்பது எப்படி?

ஒக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வாருங்கள். இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் மலைக்கு வரும் விருந்தாளி இது. பெயரே நேரத்தைச் சொல்கிறது: விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரட்டை விசில் போலக் கூப்பிடும். அப்போது தாழ்ந்த கிளையில் இருக்கலாம். மற்ற நேரமெல்லாம் தரைதான். நிழலில் ஈரச் சருகைப் புரட்டிப் புழு தேடும்.

விக்டோரியா பூங்காவில் நீரோடை ஓரத்துப் புதர்கள் நல்ல இடம். எங்கள் தோட்டத்து வடிகான் ஓரத்திலும் பார்த்திருக்கிறேன்.

தேடி நடக்காதீர்கள். ஓரிடத்தில் குந்தி, கமராவைக் குருவியின் கண் மட்டத்துக்கு இறக்கி, அரை மணி நேரம் அசையாமல் இருங்கள். அதுவே தத்தித் தத்தி வெளியே வரும். அந்த நொடியில் தெரியும் நீல இறகும் சிவந்த அடிவயிறும், அப்பப்பா! வெளிச்சம் குறைவுதான், கமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 1600க்கு மேலே ஏற்றுங்கள். குருவி நிற்கும் நொடியில் ஷட்டர் வேகம் 1/250 வினாடி போதும்.

ஃபிளாஷ் வேண்டாம். போனில் அதன் குரலைப் போட்டு இழுக்கவும் வேண்டாம், தயவுசெய்து. அவ்வளவு தூரம் பறந்து வந்தது, நிம்மதியாகச் சாப்பிடட்டும்.